ஆப்பிள் திருடியது என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாமா?

ஏரிக்கரை | வெள்ளி, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். ஜீவன் பீமா நகரில் எங்கள் குடியிருப்பின் மேல்மாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குத் தமிழில் வகுப்பு எடுக்கிறேன். 10 முதல் 14 வயது வரை. எல்லாம் பெங்களூருவிலேயே பிறந்த பிள்ளைகள். வீட்டில் தமிழ் பேசுவார்கள், பள்ளியில் கன்னடமும் இங்கிலீஷும் படிப்பார்கள், தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கப் பாதிப் பேருக்கு வராது. இந்த ஞாயிறு கணினித் திரைக்குள் படமும் பெட்டியும் மெனுவும் எப்படி வந்தன என்று பேசப் போகிறேன். என் குறிப்பு இது:

"1973-இல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வுக்கூடத்தில் ஆல்ட்டோ என்ற கணினியை உருவாக்கினார்கள். விண்டோ, ஐகான், மெனு, மவுஸ் எல்லாம் அதில் இருந்தன. 1979 டிசம்பரில் ஸ்டீவ் ஜாப்ஸ் அதைப் போய்ப் பார்த்தார். பார்த்ததைத் திருடி 1984-இல் மெக்கின்டோஷ் செய்தார். அவரிடமிருந்து மைக்ரோசாஃப்ட் திருடி விண்டோஸ் செய்தது."

தவறு இருந்தால் சொல்லுங்கள்.

காக்ஸ் டவுன் | வெள்ளி, இரவு 9.48

சார், "திருடி" என்ற சொல்லை இரண்டு இடத்திலும் எடுத்துவிடுங்கள். பிள்ளைகளுக்கு மற்றதெல்லாம் மறந்துபோகும், அந்தச் சொல் மட்டும் நிற்கும்.

ஜாப்ஸ் சுவரேறிக் குதிக்கவில்லை. ஆப்பிள் பங்குச் சந்தைக்கு வருமுன்பே அதன் 1 லட்சம் பங்குகளை 10 லட்சம் டாலருக்கு வாங்க ஜெராக்ஸுக்கு இடம் கொடுத்தார்கள். அதற்குக் கைமாறாகத்தான் பார்க் கதவு திறந்தது. ஆப்பிளின் லிசா கணினி வேலை 1978-லேயே தொடங்கிவிட்டது. மெக்கின்டோஷ் திட்டத்தை ஜெஃப் ராஸ்கின் தொடங்கியதும் அந்த வருகைக்கு முன்னால்தான்.

இன்னொன்று. ஆல்ட்டோவில் நாம் இன்று பார்க்கும், ஐகான்களைப் பரப்பிய மேசை போன்ற திரை கிடையாது. அது ஜெராக்ஸின் ஸ்டார் கணினியில் 1981-இல் வந்தது. ஸ்டாரிலும் ஒரு ஃபைலைப் பிடித்து இழுத்து ஃபோல்டரில் போட முடியாது. ஃபைலைத் தேர்ந்தெடுக்க வேண்டும், விசைப்பலகையில் நகர்த்துவதற்கென்றே இருக்கும் சாவியை அழுத்த வேண்டும், அப்புறம் எங்கே போக வேண்டுமோ அந்த இடத்தைக் காட்ட வேண்டும். இழுத்துப் போடுவது, திரையின் உச்சியில் மெனுப் பட்டை, அதிலிருந்து கீழே இறங்கும் மெனு, இவையெல்லாம் ஆப்பிளில் உட்கார்ந்து உருவாக்கியவை.

எனக்கு மிகவும் பிடித்தது ஆப்பிளில் நிரல் எழுதிய பில் அட்கின்சன் கதை. ஒரு விண்டோ மேல் இன்னொரு விண்டோ பாதி மறைத்துக்கொண்டு கிடக்கிறது. அடியில் இருப்பதில் கண்ணுக்குத் தெரியும் துண்டில் மட்டும் புதிதாக வரைய வேண்டும். அந்தத் துண்டு எல்-வடிவத்தில் இருக்கலாம், படிக்கட்டு போலவும் இருக்கலாம். பார்க்கில் இதை ஏற்கெனவே செய்துவிட்டார்கள், தானே பார்த்ததாக அட்கின்சன் நம்பிக்கொண்டு வந்தார். அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு வழி கண்டுபிடித்தார். பிறகுதான் தெரிந்தது, பார்க்கில் அப்படி ஒன்று இல்லவே இல்லை. அங்கே ஒரு விண்டோ மேலே வந்தால்தான் அதை முழுதாகத் திரும்ப வரைவார்கள். இல்லாத ஒன்றை யாரிடமிருந்து திருட முடியும்?

ஏரிக்கரை | வெள்ளி, இரவு 10.20

ஐகான் விஷயத்தில் என் தவறு, திருத்திக்கொள்கிறேன். திருட்டு விஷயத்தில் எளிதில் விட மாட்டேன்.

பங்கு கைமாறியது இரண்டு நிறுவனங்களுக்கு இடையே. பார்க்கில் உட்கார்ந்து ஸ்மால்டாக் என்ற நிரல்மொழியை உருவாக்கியவர்களில் அடேல் கோல்ட்பர்க் ஒருவர். ஆப்பிள்காரர்களுக்குக் காட்டவே கூடாது என்று அவர் வாதாடினார். மேலிடத்து உத்தரவு வந்த பிறகுதான் காட்டினார். வீட்டைக் கட்டியவர் கூடாது என்கிறார், எங்கோ நியூயார்க் பக்கம் இருக்கும் சொந்தக்காரர் சாவியைக் கொடுக்கிறார். சட்டப்படி அது சரி. என் வகுப்பில் 12 வயதுப் பெண் ஒருத்தி "இது நியாயமா சார்?" என்று கேட்டால் நான் என்ன சொல்வது?

கருந்திரை | வெள்ளி, இரவு 11.35

எலெக்ட்ரானிக் சிட்டியில் சர்வர் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. நாள் முழுக்கக் கறுப்புத் திரையில் கட்டளை அடிப்பவன். நீங்கள் இருவரும் கதையை நடுவில் தொடங்குகிறீர்கள் என்று படுகிறது.

1968 டிசம்பர் 9. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கணினி மாநாடு. சுமார் 1,000 பேர் எதிரில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்ற ஆய்வாளர் தனியாக மேடையில் உட்கார்ந்திருக்கிறார், காதில் மைக் மாட்டியிருக்கிறார். கணினி அங்கே இல்லை, 48 கிலோமீட்டர் தள்ளி மென்லோ பார்க்கில் இருக்கிறது, மைக்ரோவேவ் இணைப்பு வழியாகப் படம் வருகிறது. 90 நிமிடம். கடைக்குப் போய் வாங்க வேண்டிய சாமான் பட்டியல் ஒன்றைத் திரையில் அடித்து, அதை வகை பிரித்து, மடக்கி, விரித்துக் காட்டுகிறார். ஒரு சொல்லைச் சொடுக்கினால் வேறொரு பக்கத்துக்குத் தாவுகிறது. தொலைவில் இருக்கும் சகாவின் முகம் திரையின் ஓரத்தில் தெரிகிறது, இருவரும் ஒரே ஆவணத்தில் ஒரே நேரத்தில் வேலை செய்கிறார்கள். 1968-இல்!

வலது கையில் மவுஸ். இடது கையில் ஐந்து சாவி கொண்ட சின்னப் பலகை. வீணைக் கம்பிகளைச் சேர்த்து அழுத்துவது போல சாவிகளைச் சேர்த்து அழுத்தினால் 31 விதக் குறிகள் வரும். பழகச் சில வாரம் ஆகும். பழகியவர் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவே வேண்டாம். எளிமை ஒன்றுதான் முக்கியம் என்றால் எல்லோரும் மூன்று சக்கர சைக்கிளோடு நின்றுவிடலாமே, இரண்டு சக்கரம் எதற்கு என்பது எங்கல்பார்ட் சொல்லிவந்த ஒப்புமை.

பார்க் ஆய்வுக்கூடமும் ஆப்பிளும் அவரிடமிருந்து மவுஸை எடுத்துக்கொண்டன, அந்த இடது கைப் பலகையை வழியில் விட்டுவிட்டன. என் வருத்தம் திருட்டைப் பற்றியதே இல்லை. எதை விட்டுவிட்டு எதை எடுத்தார்கள் என்பதுதான். யோசிக்கப் பழகும் கருவியாக இருந்ததைச் சுட்டிக்காட்டி வாங்கும் கடைப்பலகையாக்கிவிட்டார்கள்.

காக்ஸ் டவுன் | சனி, காலை 6.50

இடைமறிப்பதற்கு மன்னிக்கவும். 1968-உம் தொடக்கம் ஆகாது.

1963-இல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாந்து தன் ஆய்வேட்டுக்காக ஸ்கெட்ச்பேட் செய்தார். டி.எக்ஸ்-2 என்ற கணினி, ஓர் அறையளவு. ஒளிப்பேனாவைத் திரையில் வைத்துக் கோடு இழுக்கலாம். கோணல்மாணலாக நான்கு கோடு போட்டுவிட்டு "இவை இணையாக இருக்கட்டும், இவை செங்குத்தாக இருக்கட்டும்" என்று நிபந்தனை கொடுத்தால் படம் தானாகச் சீராகும். ஒரு திருகாணியை வரைந்து அதையே பத்து இடத்தில் பதிக்கலாம். மூலத்தைத் திருத்தினால் பத்தும் திருந்தும். பார்க்கில் ஸ்மால்டாக்குக்குத் தலைமை தாங்கிய ஆலன் கே மாணவராக இருந்தபோது இந்த ஆய்வேட்டைப் படித்துத்தான் திசை கண்டார். அதற்கும் பின்னால் போனால் 1950-களில் அமெரிக்க விமானப் படையின் சேஜ் என்ற ரேடார் அமைப்பு. திரையில் ஒளிப்பொட்டாக நகரும் விமானத்தை வீரர்கள் துப்பாக்கி வடிவக் கருவியால் சுட்டித் தேர்ந்தெடுப்பார்கள்.

மவுஸுக்கும் ஒரே தகப்பன் என்று சொல்வதற்கில்லை. எங்கல்பார்ட்டின் மவுஸ் மரக்கட்டை, அடியில் செங்குத்தாக ஒன்றுக்கொன்று பொருத்திய இரண்டு சக்கரம். 1964-இல் பில் இங்கிலீஷ் செய்து கொடுத்தார். உருண்டை வைத்த மவுஸை ஜெர்மனியின் டெலிஃபுங்கன் நிறுவனம் அதே 1968-இல், அந்த மேடைக் காட்சிக்குச் சில வாரம் முன்பே வெளியிட்டிருந்தது. ஒருவரை ஒருவர் தெரியாது.

சிக்பேட்டை அச்சகம் | சனி, காலை 8.15

இரவு முழுக்க நடந்த பேச்சை இப்போதுதான் படித்தேன். மவுஸ் மவுஸ் என்கிறீர்கள், ஐகான் என்கிறீர்கள். என் அனுபவத்தில் இவை இரண்டும் மேலாடைதான். உயிர் எங்கே இருக்கிறது என்று ஓர் அச்சுக்காரி சொல்கிறேன், கேளுங்கள்.

எங்கள் அப்பா டிரெடில் அச்சு மெஷின் வைத்திருந்தார். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றுக்கும் ஈய எழுத்துக் கேஸ் இருந்தது. தமிழ்க் கல்யாணப் பத்திரிகையில் ஒரு பக்கம் "சிரஞ்சீவி", மறுபக்கம் "சௌபாக்கியவதி". இரண்டு பெயரும் ஒரே அகலத்தில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பெண் வீட்டார் பத்திரிகையைக் கையில் வாங்கியதுமே முகம் சுளிப்பார்கள். அப்பா ஈயத் துண்டுகளை இடையில் செருகிச் செருகிப் பார்ப்பார், புரூஃப் எடுப்பார், மறுபடி பிரிப்பார். மூன்று தடவையாவது ஆகும்.

90-களின் தொடக்கத்தில் ஒரு கணினி வாங்கினோம். விண்டோஸுக்கு முந்திய டாஸ் திரை என்பது 80 கட்டம் அகலம், 25 வரிசை. மொத்தம் 2,000 பொந்து. ஒரு பொந்துக்குள் ஓர் எழுத்து, எல்லாம் ஒரே அகலம். அதில் "ர"வும் "ணை"யும் எப்படி உட்காரும்? இந்திய எழுத்தைக் காட்ட வேண்டுமென்றால் ஜிஸ்ட் கார்டு என்று தனியாக ஒரு அட்டையைப் பெட்டிக்குள் செருக வேண்டியிருந்தது. விண்டோஸ் 3.1 வந்த பிறகு பாமினி மாதிரி ஃபான்ட் போட்டு, பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்புச் செயலியைத் திறந்து "சௌபாக்கியவதி" அடித்த நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. எழுத்து அதனதன் அகலத்தில் வந்து நின்றது. மணமகன் பெயரை மவுஸால் பிடித்து ஒரு நூல் அளவு நகர்த்தினேன். அப்பா என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

ஏன் வந்தது? திரை அன்று முதல் பொந்து வரிசையாக இல்லை, புள்ளிகளின் பரப்பாகிவிட்டது. ஒவ்வொரு புள்ளிக்கும் கணினியின் நினைவகத்தில் ஓர் இடம். கோடு, படம், எழுத்து எதுவானாலும் அதற்குப் புள்ளிதான். அந்தத் துணிச்சலான முடிவை ஆல்ட்டோவில் எடுத்தார்கள். 606-க்கு 808 புள்ளி, நிமிர்த்தி வைத்த காகிதம் போல நெட்டையான திரை. பெருக்கிப் பாருங்கள், 4,89,648 புள்ளி. ஆல்ட்டோவின் மொத்த நினைவகம் 128 கிலோபைட், அதில் கிட்டத்தட்ட பாதியை இந்தத் திரையே விழுங்கிவிடும். நினைவகம் பொன்விலை விற்ற 1973-இல், மனிதக் கண்ணுக்காகப் பாதியைக் கொடுக்கலாம் என்று சக் தாக்கரும் பட்லர் லாம்ப்சனும் துணிந்தார்கள். அதன் மேல் பிராவோ என்ற எழுத்துச் செயலி வந்தது. திரையில் எப்படியோ அப்படியே காகிதத்தில். என் பிழைப்பு அங்கே தொடங்குகிறது.

ஆகவே ஏரிக்கரை சார், பிள்ளைகளுக்கு யார் யாரிடம் எடுத்தார்கள் என்பதை அப்புறம் சொல்லுங்கள். முதலில் ஒரு கட்டம் போட்ட காகிதத்தைக் கொடுத்து "அ" எழுத்தைப் புள்ளி புள்ளியாக நிரப்பச் சொல்லுங்கள்.

கருந்திரை | சனி, காலை 9.30

அக்கா, புள்ளித்திரையை நான் எங்கே மறுத்தேன்? எங்கல்பார்ட்டின் திரையிலும் படம் வந்தது. அதன் மேல் போட்ட மேசை, குப்பைத்தொட்டி, ஃபோல்டர் என்ற உவமைதான் எனக்கு உறுத்துகிறது. அலுவலகத்தில் காகிதம் அடுக்கும் குமாஸ்தாவின் மேசையைக் கணினிக்குள் வரைந்தார்கள். காகிதத்தால் முடியாததைச் செய்யத்தான் கணினி. நேற்று 400 ஃபைலுக்குப் பெயர் மாற்றினேன், ஒரே வரி. பக்கத்து இருக்கைப் பையன் ஒவ்வொன்றாகச் சொடுக்கி மதியம் வரை உட்கார்ந்திருந்தான். அவன் கெட்டிக்காரன்தான். இப்படி ஒரு வழி இருப்பதையே அந்தத் திரை அவனுக்குக் காட்டவில்லை.

சிக்பேட்டை அச்சகம் | சனி, காலை 9.52

தம்பி, ஒன்று கேட்கிறேன். உங்கள் கறுப்புத் திரையில் உங்கள் பெயரைத் தமிழில் அடித்துப் பாருங்கள். கொம்பும் காலும் ஒழுங்காக நிற்கிறதா?

கருந்திரை | சனி, காலை 10.05

நிற்கவில்லை. கொம்பு ஒரு கட்டம் தள்ளி நிற்கிறது, கர்சரை நகர்த்தினால் எழுத்தின் நடுவில் போய் உட்காருகிறது. இத்தனை வருடமாக இங்கிலீஷில் மட்டுமே அடித்ததால் இதை நான் யோசித்ததே இல்லை. அந்தப் பொந்து வரிசையைத்தான் நான் இன்னும் கட்டிக்கொண்டு இருக்கிறேன் என்பது உண்மை. இந்த இடத்தில் நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன் அக்கா. குமாஸ்தா மேசை பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை.

செவிவழி | சனி, காலை 11.20

இந்த இழையை நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பார்வை கிடையாது. என்.வி.டி.ஏ. என்ற திரை வாசிப்பான் ஒவ்வொரு பதிவாகத் தமிழில் வாசிக்கிறது. எல்லோரும் புள்ளித்திரையைக் கொண்டாடுகிறீர்கள். அதன் மறுபக்கத்தை நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப் போவதில்லை.

அக்கா சொன்ன அந்த 2,000 பொந்தும் எனக்குச் சொர்க்கமாக இருந்தது. டாஸ் திரையில் இங்கிலீஷ் "ஏ" எழுத்து இருந்தால் நினைவகத்தில் "ஏ"வுக்கான எண்ணே இருக்கும். வாசிப்பான் அந்த எண்ணை எடுத்துக் குரலாக்கிவிடும். 5-ஆவது வரி, 12-ஆவது கட்டம் என்று நான் விரல் நுனியில் வைத்திருந்தேன். 1996-இல் மல்லேஸ்வரத்தில் ஓர் அலுவலகத்தில் சேர்ந்தேன், பார்வை உள்ள சகாக்களுக்குச் சமமான வேகத்தில் பதிவேட்டு வேலை செய்தேன்.

மூன்று வருடம் கழித்து எல்லா மெஷினையும் விண்டோஸுக்கு மாற்றினார்கள். புள்ளித்திரையில் "ஏ" கிடையாது, "ஏ" போலத் தெரியும் புள்ளிக் கூட்டம்தான் உண்டு. என் வாசிப்பான் ஊமையானது. விண்டோஸுக்கான ஜாஸ் என்ற வாசிப்பான் 1995-லேயே வந்துவிட்டது. விண்டோஸ் திரையில் எதையாவது வரையச் சொல்லும்போது அந்தக் கட்டளையை வழியிலேயே ஒட்டுக்கேட்டு, திரைக்குப் பின்னால் இன்னொரு திரையைக் கற்பனையாகக் கட்டி, அதிலிருந்து படிக்க வேண்டும். அவ்வளவு சுற்றி வளைத்துச் செய்தார்கள். அதன் விலை என் அலுவலகத்துக்குப் பெரிதாகப் பட்டது. என்னைத் தொலைபேசி மேசையில் உட்கார வைத்தார்கள். இரண்டு வருடம். வேலை தெரியாமல் இல்லை. பெட்டி மாறிவிட்டது, அவ்வளவே.

என்.வி.டி.ஏ. 2006-இல் வந்தது. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் தொடங்கியது, இலவசம். 2009-இல் ஐபோனிலேயே வாய்ஸ்ஓவர் என்ற வாசிப்பானை உள்ளே வைத்துக் கொடுத்தார்கள். கண்ணாடிப் பலகை, திரையில் தடவிப் பார்க்க ஒரு பொத்தான்கூடக் கிடையாது. அதில் எனக்கு வழி உண்டாகும் என்று நான் நம்பவே இல்லை. உண்டானது. ஏனென்றால் அதற்குள் ஒவ்வொரு பொத்தானுக்கும் படத்தோடு ஒரு பெயரும் இருக்க வேண்டும் என்று யாரோ யோசித்திருந்தார்கள்.

வகுப்பில் இதைச் சேர்ப்பீர்களா சார்? படத்தை மட்டும் வரைந்துவிட்டுப் பெயர் எழுதாமல் போகக் கூடாது என்று பிள்ளைகளுக்கு இப்போதே தெரியட்டும்.

சிக்பேட்டை அச்சகம் | சனி, பகல் 12.10

உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். என் கடையில் நான் கொண்டாடிய அதே நாட்களில் உங்களைத் தொலைபேசி மேசைக்குத் தள்ளியிருக்கிறார்கள். எனக்கு இது தெரியவே தெரியாது.

அதோடு ஒன்று உறைத்தது. பாமினியில் நாங்கள் அடித்ததெல்லாம் உங்கள் கணக்கில் வெறும் படம்தான். இங்கிலீஷ் எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை ஒட்டவைத்த ஃபான்ட் அது. "கொ" என்றால் முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால், கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் அடிப்போம். ஃபான்ட் இல்லாத மெஷினில் திறந்தால் புரியாத இங்கிலீஷ் எழுத்துக் குவியல். அந்தக் காலத்து ஃபைல்களை வாசிப்பானிடம் கொடுத்தால் உளறும். எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடில் இப்போது "க"வுக்கு ஓர் எண், "ஒ"காரக் குறிக்கு ஓர் எண். கொம்பை முன்னால் கொண்டுபோய் வைப்பது திரையின் வேலை. நீங்கள் கேட்கும் பெயரும் படமும் என்பது எங்கள் எழுத்துக்கும் பொருந்துகிறது. என்னிடம் பாமினியில் 20 வருடப் பத்திரிகை ஃபைல் இருக்கிறது. மாற்ற வேண்டும்.

காக்ஸ் டவுன் | சனி, மாலை 4.30

செவிவழி சொன்னதற்குப் பிறகு திருட்டுப் பேச்சு சின்னதாகத் தெரிகிறது. ஆனாலும் ஏரிக்கரை சாருக்கு நான் பதில் பாக்கி வைத்திருக்கிறேன்.

நீதிமன்றம் வரை போன விஷயம் இது. 1988-இல் ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் மீதும் எச்.பி. மீதும் வழக்குப் போட்டது. 189 அம்சங்களைக் காட்டி இவையெல்லாம் எங்கள் தோற்றம் என்றது. அதில் 179 அம்சங்களுக்கு 1985-இல் ஆப்பிளே கையெழுத்துப் போட்டு அனுமதி கொடுத்திருந்தது என்று நீதிபதி சொன்னார். மிச்சத்திலும் பெரும்பாலானவை யாரும் சொந்தம் கொண்டாட முடியாத பொதுக் கருத்து. 1994-இல் மேல்முறையீட்டிலும் ஆப்பிள் தோற்றது. நடுவில் 1989-இல் ஜெராக்ஸ் விழித்துக்கொண்டு ஆப்பிள் மீது வழக்குப் போட்டது, அதுவும் நிற்கவில்லை.

கல்யாணி ராகம் யாருக்கும் சொந்தமில்லை, அதில் ஒருவர் போட்ட கீர்த்தனை அவருடையது. ஒன்றின் மேல் ஒன்றாக விண்டோ என்பது ராகம். சூசன் கேர் கட்டம் போட்ட நோட்டில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பி வரைந்த அந்த மெக்கின்டோஷ் ஐகான்கள் கீர்த்தனை.

நம் ஊர்க் கதை ஒன்று. 2001-இல் இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனமும் சேர்ந்து சிம்ப்யூட்டரைக் காட்டினார்கள். கையடக்கம், பேனாக்குச்சியால் தொடலாம், எழுத்தை வாசித்துக் காட்டும். ஒரு கிராமமே ஒன்றைப் பகிர்ந்துகொள்ளலாம், ஆளுக்கொரு ஸ்மார்ட் கார்டு இருந்தால் போதும். 2004-இல் அமிடா என்ற மாதிரி விற்பனைக்கு வந்தது. ஒரு நண்பர் வாங்கியிருந்தார், நானும் கையில் பிடித்துப் பார்த்தேன். மணிக்கட்டை லேசாகச் சாய்த்தால் பக்கம் புரண்டது. ஐபோனுக்கு மூன்று வருடம் முன்னால்! பெரிதாக விற்கவில்லை, மங்கிவிட்டது. ஐபோன் வந்தபோது நம்மிடம் திருடிவிட்டார்கள் என்று நாம் யாரும் சொல்லவில்லையே. முதலில் செய்ததும் உண்மை, ஊரெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தது வேறொருவர் என்பதும் உண்மை.

கொண்டுபோய்ச் சேர்ப்பதும் லேசான வேலை இல்லை. 1981-இல் ஸ்டார் 16,595 டாலர். 1983-இல் லிசா 9,995 டாலர். 1984-இல் மெக்கின்டோஷ் 2,495 டாலர். மவுஸ் ஒன்றை மலிவாகச் செய்ய டீன் ஹோவி என்ற வடிவமைப்பாளர் கடைக்குப் போய் ரோல்-ஆன் டியோடரன்ட் புட்டி வாங்கி உருண்டையைக் கழற்றினார், வெண்ணெய் டப்பாவை உடலாக வைத்து முதல் மாதிரி செய்தார். அந்த உருண்டை இல்லாமல் சிக்பேட்டை வரை மவுஸ் வந்திருக்காது.

ஏரிக்கரை | சனி, இரவு 8.40

எல்லோருக்கும் நன்றி. ராகம், கீர்த்தனை விளக்கம் பிள்ளைகளில் பாட்டுக் கற்பவர்களுக்கு உடனே புரியும். "திருடி" இரண்டையும் எடுத்துவிட்டேன். ஆனால் காக்ஸ் டவுன் அவர்களே, அடேல் கோல்ட்பர்க்கை எடுக்க மாட்டேன். எங்கல்பார்ட்டையும்தான். மவுஸ் காப்புரிமை அவர் வேலை பார்த்த எஸ்.ஆர்.ஐ. நிறுவனத்தின் கையில் இருந்தது. அவர்கள் அதை ஆப்பிளுக்குச் சுமார் 40,000 டாலருக்கு அனுமதித்தார்கள். 1987-இல் காப்புரிமைக் காலம் முடிந்தது. உலகம் முழுக்க மேசைக்கு மேசை மவுஸ் வந்தது அதற்குப் பிறகு. அவருக்கு அதில் ஒரு காசு உரிமத்தொகை வரவில்லை. சட்டம் சரி என்று சொன்ன பிறகும் மனம் ஒப்பாத விஷயம் உண்டு, அதைப் பிள்ளைகளிடம் மறைக்க எனக்கு விருப்பம் இல்லை.

இப்போது குறிப்பு இப்படி நிற்கிறது:

"திரையில் சுட்டி வேலை வாங்கலாம் என்ற எண்ணம் ரேடார் அறைகளில் தொடங்கியது. 1963-இல் சதர்லாந்து திரையிலேயே வரைந்து காட்டினார். 1968-இல் எங்கல்பார்ட் மவுஸோடு, சேர்ந்து எழுதுவதையும் காட்டினார். அதில் பாதியை உலகம் எடுத்துக்கொள்ளப் பல வருடம் ஆனது. 1973-இல் பார்க்கில் திரை முழுவதையும் புள்ளியாக்கினார்கள், தமிழ் உட்கார இடம் கிடைத்தது அதனால்தான். ஆப்பிள் அதைப் பார்த்தது, விலை கொடுத்துப் பார்த்தது, காட்டியவர்களில் ஒருவர் காட்ட விரும்பவில்லை. பார்த்ததோடு நிறுத்தாமல் நிறையச் சேர்த்தது, மலிவாக்கியது. இவ்வளவும் நடந்தபோது பார்வை இல்லாதவர்களை யாரும் கேட்கவில்லை."

முதல் அரை மணி நேரம் கட்டக் காகிதத்தில் "அ". அடுத்து, செவிவழி சம்மதித்தால், அவரைத் தொலைபேசியில் அழைத்து, பிள்ளைகள் தாங்கள் வரைந்த ஐகானை அவருக்கு வாயால் விவரிக்க வேண்டும். அது என்ன பொத்தான் என்று அவர் சொல்ல வேண்டும்.

உருண்டை வைத்த பழைய மவுஸ் ஒன்று கிடைத்தால் கழற்றிக் காட்டலாம். எஸ்.பி. ரோட்டில் இன்று இரண்டு கடையில் கேட்டேன், இல்லை என்றார்கள்.

செவிவழி | சனி, இரவு 8.55

கண்டிப்பாக. 11 மணிக்கு மேல் அழையுங்கள், அதற்கு முன் கோயிலுக்குப் போய்விடுவேன்.

கருந்திரை | சனி, இரவு 9.15

குமாஸ்தா மேசை பற்றி ஒரு வரிகூட இல்லையே சார்? சரி, நானே ஞாயிறு வந்து ஐந்து நிமிடம் பேசட்டுமா? 400 ஃபைலுக்கு ஒரே வரியில் பெயர் மாற்றிக் காட்டுகிறேன். பிள்ளைகள் முடிவு செய்துகொள்ளட்டும்.

சிக்பேட்டை அச்சகம் | சனி, இரவு 9.40

மவுஸ் என்னிடம் இருக்கிறது. அப்பாவின் ஈய எழுத்துப் பெட்டியோடு சேர்த்து மேல் பலகையில் வைத்திருக்கிறேன். அடி மூடியைத் திருகினால் சாம்பல் நிற உருண்டை கையில் விழும். உள்ளே இரண்டு உருளையிலும் பஞ்சு சுற்றியிருக்கும், நகத்தால் சுரண்டினால் வந்துவிடும். பிள்ளைகளையே சுரண்டச் சொல்லுங்கள். 9 மணிக்குள் கொண்டுவந்து தருகிறேன். ஒரு கேஸ் எழுத்தும் எடுத்து வரவா?